ஒரு சாண் உள்ளே

கல்யாணமாகி இருபது வருஷத்தில் காளீஸ்வரியும் அவள் புருஷன் மாரீஸ்வரனும் இரண்டே பேராக வெளியூர் போனது ஒரே ஒரு தடவைதான். விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்கு, ஏதோ ஒரு சான்றிதழுக்காக. அதிலும் போகும்போதுதான் இரண்டு பேர். திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரனின் அக்கா வெள்ளத்தாய் ஏறிக்கொண்டாள். ராஜபாளையம் வந்து சேரும்வரை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு வந்தாள்.

வெள்ளத்தாயைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் காளீஸ்வரியே சண்டைக்குப் போவாள். தம்பிக்குப் பெண் பார்த்தது அவள். வெல்டிங் ஷெட்டுக்கு இடம் பார்த்தது அவள். காளீஸ்வரிக்குப் பிரசவமானபோது பக்கத்திலேயே கிடந்து பத்தியம் பொங்கிப் போட்டதும் அவள்தான். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கோளாறு. எங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும், அங்கே ஓர் ஆள் குறைகிறது என்று அவளுக்குத் தோன்றிவிடும். கல்யாணமான புதிதில் இவர்களைக் குற்றாலத்துக்கு அனுப்பிவைத்தவள் அவள்தான். அனுப்பிவைத்ததோடு வேனும் பிடித்தாள். வேனில் பத்தொன்பது பேர். அன்றைக்கு எடுத்த போட்டோ இப்போதும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நடுவில் வெள்ளத்தாய், அவளுடைய வலது கைக்குக் கீழே மாப்பிள்ளை, இடது கைக்குக் கீழே பெண். அவள் ஐந்தடி ஒன்பது அங்குலம். அந்தக் குடும்பத்துக்கு வந்த உயரத்தையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டு, தம்பிக்கு ஐந்தடி இரண்டு அங்குலத்தை மிச்சம் வைத்திருந்தாள்.

போன ஜூன் மாதம் மகள் சிவரஞ்சனி நர்சிங் படிக்க மதுரைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தாள். வீட்டில் இரண்டே பேர். இருபது வருஷத்தில் முதல்முறை. காளீஸ்வரி ஒரு மல்லிகைச்சரம் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் ஏனோ வெட்கப்பட்டு, அதைச் சாமி படத்துக்குப் போட்டாள். இந்தக் கூத்தெல்லாம் மூன்று நாள்தான். நான்காம் நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற ஐந்தரை மணி பஸ்ஸில் வெள்ளத்தாய் வந்து இறங்கினாள்.

"பிள்ளை இல்லாத வீடு வெறிச்சுனு கெடக்குமேன்னு வந்தேன். உங்க அண்ணனுக்கு மில்லுல நைட் ஷிப்டு. அங்க தனியா உக்காந்து டிவி பாக்குறதுக்கு இங்க வந்து பாத்துட்டுப் போறேன்," என்று தன் புருஷன் வேலையைச் சாக்காகச் சொன்னாள்.

அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் ஐந்தரை மணி பஸ் வெள்ளத்தாயை இறக்கிவிட்டது. மறுநாள் காலை பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

இந்த நேரத்தில்தான் சிவரஞ்சனி ஒரு வீடியோ அனுப்பினாள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். பெட்டிக்குள்ளே ஒரு மெத்தை, ஒரு ஜன்னல், மூலையில் ஒரு அடுப்பு. நினைத்த இடத்தில் நிறுத்துகிறார்கள், சமைக்கிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். லாட்ஜ் இல்லை, சொந்தக்காரர் வீடு இல்லை. காளீஸ்வரி அதைப் பதினோரு தடவை பார்த்தாள். பிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது மாரீஸ்வரன் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தாள்.

அவன் வெல்டருடைய கண்ணால் பார்த்தான். "இதுக்கு ஒத்த ஆக்ஸில்தான. டிராக்டர் டிரெய்லரே செய்யிறோம், இது என்ன பெரிய வித்தை? நம்ம ஜீப்பு பின்னாடியே மாட்டிரலாம். ஒரு மாசத்துல செஞ்சிருவேன்."

"எத்தன பேரு படுக்கலாம்?" என்று காளீஸ்வரி குழம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு பேரு."

அந்த வார்த்தை அவள் காதில் விழுந்து இனித்து முடிப்பதற்குள் டிவி முன்னாலிருந்து வெள்ளத்தாயின் குரல் வந்தது. "மூணு பேரு படுக்குற மாதிரி செய்யிலே. நான் எங்க போவேன்?"

"செஞ்சிருவோம்க்கா," என்றான் மாரீஸ்வரன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

காளீஸ்வரி கரண்டியைச் சட்டிக்குள் போட்ட சத்தத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தான். மூன்று பேர் படுக்கிற வண்டியில் நடு இடம் யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் போட்டோவே சாட்சி. ஆனால் அவளுக்கு வெள்ளத்தாய்மேல் வந்த கோபம் பெரிதில்லை, புருஷன்மேல் வந்ததுதான் பெரிது. நம்மோடு தனியாக ஒரு ராத்திரி எங்கேயாவது போய் இருக்க வேண்டும் என்கிற ஆசை இந்த மனுஷனுக்கு உண்டா, இல்லையா? இருபது வருஷமாக அவள் இதைக் கேட்டதில்லை. கேட்டு, அவன் "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மாரீஸ்வரனின் ஷெட் சஞ்சீவி மலைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே காகிதத்தில் பிளான் போடுகிற வழக்கமே கிடையாது. செய்யப்போகிற சாமானை அதன் நிஜ அளவிலேயே சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைந்துவிடுவான். அப்போது ஒரு தடவை டேப் பிடிப்பதோடு சரி. அதற்குப் பிறகு டேப்பைத் தொடுவது தன் தொழிலுக்கே இழுக்கு என்று நினைப்பவன். இரும்பு ஆங்கிளைக் கோட்டின்மேல் படுக்கப் போடுவான், கோடு முடிகிற இடத்தில் வெட்டுவான், கோட்டின் மேலேயே வைத்துப் பற்றவைப்பான். "தரையில போட்டாச்சுன்னா அதுதான் அளவு. டேப்ப நம்புறவன் கை நடுங்குறவன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வான்.

மறுநாள் காலையில் ஷெட்டின் மூலையில் படுக்கை வண்டிக்குக் கோடு போட்டான். நீளம் எட்டடி, அகலம் ஆறரை அடி. போட்ட கையோடு மூன்று டிராக்டர் டிரெய்லருக்கு ஆர்டர் வந்துவிட்டது. படுக்கை வண்டி மூன்று வாரம் தரையில் வெறும் கோடாகவே கிடந்தது.

காளீஸ்வரி தினமும் ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். சாப்பிட்டு முடித்ததும் மாரீஸ்வரன் சாக்கை விரித்துச் செத்த நேரம் கண்ணசருவான். மூன்றாம் நாள் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் கோட்டு வீட்டுக்குள் காலை எடுத்து வைத்தாள். இங்கே அவர் படுத்தால், இங்கே நான் படுத்தால் என்று சாணால் அளந்து பார்த்தாள். இரண்டு பேருக்கு நாலடி தாராளம். மிச்சம் இரண்டரை அடி இருந்தது. அந்த இரண்டரை அடிதான் வெள்ளத்தாய்.

காளீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். தூக்குச்சட்டித் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்தாள். அகலம் முடிகிற கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பதமாகத் துடைத்து எடுத்துவிட்டு, டூல்ஸ் பெட்டியில் கிடந்த சாக்பீஸால் ஒரு சாண் உள்ளே தள்ளிப் புதுக்கோடு இழுத்தாள். தினமும் வாசலில் கோலம் போடுகிற கை. நூல் பிடித்த மாதிரி வந்தது கோடு. பழக்க தோஷத்தில் இரண்டு முனையிலும் குட்டியாக ஒரு சுழியும் விழுந்துவிட்டது. கோவில் உண்டியலில் கை வைத்துவிட்டவள் மாதிரி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் மாரீஸ்வரன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு சாண். அதற்கடுத்து இன்னொன்று. மூன்று வாரத்தில் நான்கு சாண் உள்ளே வந்தாயிற்று. ஒருபக்கம் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். இன்னொரு பக்கம், வண்டி ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே வருகிறது, இந்த மனுஷனுக்குக் கண் தெரியவில்லையே, இவர் செய்கிற டிரெய்லரை நம்பி எப்படித்தான் நெல் மூட்டை ஏற்றுகிறார்களோ என்று கவலையும் வந்தது.

அவனும் அந்த நாட்களில் கொஞ்சம் ஒரு தினுசாகத்தான் இருந்தான். "ஏட்டி, கொழாயில நல்லா தண்ணி வருது, தூக்குச்சட்டிய அங்க போய்க் கழுவிட்டு வா" என்று இரண்டு மூன்று தடவை அவளை வெளியே அனுப்பினான். பாத்திரத்தை அவள் எங்கே கழுவுகிறாள் என்று இருபது வருஷமாகக் கவலைப்படாதவன். கழுவிக்கொண்டு வந்தால் கோட்டின் அந்தக் கோடியில், டிரில்லிங் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று செருப்புக் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பான். "தூசி" என்பான். அந்தப் பக்கம் இரும்புத்தூள் காலில் குத்தும். காளீஸ்வரி அந்தப் பக்கம் போவதே இல்லை.

மூன்றாவது டிரெய்லர் வெளியே போன மறுநாள் படுக்கை வண்டிக்கு ஆங்கிள் வெட்டினான். மத்தியானம் காளீஸ்வரி போனபோது சட்டம் பற்றவைத்துச் சக்கரத்தில் நின்றது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அகலம் குறையும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இது மொத்தமாகவே சுருங்கிப்போய், பெட்டிக்கடை ஒன்றைச் சக்கரத்தில் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. நாலு சாண் இத்தனை தூரத்துக்குக் கொண்டுவந்து விடுமா? இந்தப் பக்கம் அவள் நின்றாள். அந்தப் பக்கம் அவன் நின்றான். இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டி.

"என்னமோ சின்னதாத் தெரியுதே," என்றான் மாரீஸ்வரன், வண்டியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு.

காளீஸ்வரி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "வெறும் இரும்பு அப்படித்தான் தெரியும். தகரம் அடிச்சா பெருசாத் தெரியும்." வெல்டிங்கைப் பற்றி அவள் தன் வாழ்நாளில் சொன்ன முதல் கருத்து இதுதான்.

"ஆமா, ஆமா. தகரம் அடிச்சா பெருசாத் தெரியும்," என்றான் இருபத்தைந்து வருஷமாக வெல்டிங் செய்கிறவன்.

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியம்தான். ஆனால் தன் குட்டு வெளிப்படாமல் தப்பித்த அவசரத்தில் அவன் முகத்தை உற்றுப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அவனும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவசர அவசரமாகக் கை கழுவப் போனான்.

தகரம் அடித்தும் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே பிளைவுட், பழைய மினிபஸ்ஸில் கழற்றிய ஜன்னல் ஒன்று, சின்ன ஃபேன் ஒன்று. முன்பக்கம் வெளியிலிருந்து திறந்தால் அடுப்பு வைக்க ஒரு பலகை. பின்பக்கம் கதவு. காளீஸ்வரி மெத்தைக்குப் பச்சைப் பூப்போட்ட உறை தைத்தாள். வெளியே மஞ்சள் பெயிண்ட் அடித்து வெயிலில் நிறுத்தியபோது, வெள்ளை நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிற பக்கத்துத் தெரு ராமசுப்பு ராஜா நின்று சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"பாகுந்தி மாரி, ரொம்ப பாகுந்தி! நம்ம குக்கைக்கும் இதே அளவுல ஒரு கூண்டு செஞ்சு குடேன்," என்றார் தெலுங்கும் தமிழுமாக, நாயைக் காட்டி. நாயும் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இஷ்டமில்லாமல் வெளியே வந்தது.

வெள்ளத்தாய் வருகிற நாளெல்லாம் சாயங்காலம், "வண்டி எம்புட்டுக்கு வந்திருக்கு?" என்று கேட்டாள். "வருதுக்கா" என்பான் தம்பி. பார்க்கக் கூப்பிடு என்றால், "பெயிண்ட் நாத்தம்க்கா, உனக்குத் தலைவலி வந்துரும்" என்பான். அக்காவின் தலைவலிமேல் அவனுக்கு அப்படி ஒரு அக்கறை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புவதென்று முடிவானது. எங்கே? ரொம்ப தூரமில்லை. கூமாப்பட்டியில் மலை அடிவாரத்தில் தேங்காய் வியாபாரி மைதீன் பிச்சைக்கு ஒரு தென்னந்தோப்பு. மாரீஸ்வரனிடம் டிரெய்லர் வாங்கியவர். "தோப்புல எங்க வேணும்னாலும் நிப்பாட்டிக்கோங்க" என்று சொல்லியிருந்தார். காளீஸ்வரி தேங்காயும் பூவும் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். மாரீஸ்வரன் ஜீப்புக்கு டீசல் போடப் போயிருந்தான். ஷெட் ஏற்கெனவே திறந்து கிடந்தது.

உள்ளே வெள்ளத்தாய், முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டவள், கையில் விளக்குமாற்றோடு நின்றாள். ஒரு பக்கம் புளியோதரைப் பாத்திரம், எலுமிச்சம்பழம், சூடம். வண்டிக்குள்ளே அவளுடைய தலையணை. தலையணை நசுங்கியிருந்தது. படுத்துப் பார்த்திருக்கிறாள். கால் எங்கே நீட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று காளீஸ்வரி நினைத்துப் பார்த்தாள்.

ஆனால் வெள்ளத்தாய் வண்டியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி கும்பிடுகிற இடம் இப்படியா கிடக்கும் என்று அவள் ஷெட்டைச் சுத்தமாகக் கூட்டிவிட்டாள். பிளைவுட் துண்டு, மரத்தூள், பெயிண்ட் சிந்தாமல் இருக்க விரித்த பேப்பர் எல்லாம் மூலைக்குப் போய்விட்டன. வருஷக்கணக்காக எண்ணெயும் கிரீஸும் குடித்துக் கறுத்த தரை அது. கறுத்த தரையில் எங்கெங்கே துடைத்திருக்கிறதோ அங்கங்கே மட்டும் சிமெண்ட் வெளுத்துத் தெரிந்தது. வண்டியின் இந்தப் பக்கம், ஒரு சாண் இடைவெளிவிட்டு ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வெள்ளைப் பட்டை.

காளீஸ்வரி தேங்காயைக் கீழே வைத்தாள். கண்ணை அந்த நான்கு பட்டைகளிலிருந்து திருப்புவதற்காக வேறு பக்கம் பார்த்தாள். பார்த்த இடத்தில், டிரில்லிங் மிஷினை ஒட்டி, வண்டியின் நீளம் முடிகிற பக்கத்தில், அவள் துடைக்காத மூன்று பட்டைகள் இருந்தன.

அந்த நேரத்தில் மாரீஸ்வரன் ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஏலே, இங்க வா," என்றாள் அக்கா. விளக்குமாற்றுக் கட்டையால் தரையைக் காட்டினாள். "இந்தப் பக்கம் ஈரத்துணியால தொடச்சிருக்கு. மிச்சம் இருக்கிற கோட்டு முனையில சுழி இருக்கு. இது கோலம் போடுற கை. காளி, இது நீ." காளீஸ்வரி முந்தானை நுனியை இடுப்பில் செருகினாள். "அந்தப் பக்கம் காலால தேச்சிருக்கு. டயர் செருப்பு வரிவரியா விழுந்திருக்கு. இந்த ஷெட்டுல டயர் செருப்பு போடுறவன் ஒருத்தன்தான். ஏலே மாரி, எட்டடின்னு சொன்னியே, எங்க போச்சு ரெண்டரை அடி?"

மாரீஸ்வரன் பெண்டாட்டியின் நான்கு பட்டைகளைப் பார்த்தான். காளீஸ்வரி புருஷனின் மூன்று பட்டைகளைப் பார்த்தாள். அக்காவின் உயரம் ஐந்தடி ஒன்பது. வண்டியின் நீளம் ஐந்தரை. கணக்குப் போட்டுத்தான் தேய்த்திருக்கிறான். தூசியாம் தூசி! காளீஸ்வரிக்குச் சந்தோஷத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. மதினி வெள்ளத்தாய் முன்னால் சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு அழிச்ச?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"நீங்க எதுக்கு அழிச்சீக?"



வெள்ளத்தாய் டூல்ஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

அவள் குரல் அப்படி இறங்கிக் காளீஸ்வரி கேட்டதே இல்லை. பத்தியம் பொங்கிப் போட்ட கை மடியில் சும்மா கிடந்தது. காளீஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் மாரீஸ்வரன், இருபது வருஷமாக "செஞ்சிருவோம்க்கா" தவிர வேறு எதுவும் சொல்லி அறியாத மாரீஸ்வரன், வாயைத் திறந்தான்.

"சொல்லியிருந்தா வராம இருந்திருப்பியாக்கா?"

வெள்ளத்தாய் யோசித்தாள். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள். நன்றாகவே யோசித்தாள்.

"வந்திருப்பேன்," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சத்தியமா வந்திருப்பேன்டா. ரெண்டு பேரும் தனியாப் போறீகளே, ஒத்தாசைக்கு ஆள் வேணாமான்னு கேட்டு ஏறி உக்காந்திருப்பேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த தண்ணீரா, வேறா என்று அவள் சொல்லவில்லை. எழுந்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். சூடம் கொளுத்தினாள். தலையணையை வண்டிக்குள்ளிருந்து உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"புளியோதரைய எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். வில்லிபுத்தூர்ல எங்க வீட்டு வாசல்ல வண்டிய நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டுனீகன்னா ஏறிருவேன். எம்மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜீப் முப்பதுக்கு மேல் போகவில்லை. மஞ்சள் பெட்டி பின்னால் ஆடிக்கொண்டே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து ஒரு கூட்டத்துக்காக நின்றபோது, ஒரு பெரியவர் ஜன்னலைத் தட்டி, "பால்கோவா அரைக்கிலோ குடுப்பா" என்றார். இது கடை இல்லை, வீடு என்று மாரீஸ்வரன் சொன்னான். அவர் நம்பவில்லை. "வீட்டுல செய்யிறதா? அப்ப நல்லாத்தான் இருக்கும். கால் கிலோவாச்சும் குடு" என்றார்.

வெள்ளத்தாயின் வீடு ரோட்டு மேலேயே இருந்தது. அந்த வாசலைத் தாண்டும்போது உள்ளே போய் ஒரு வாய் தண்ணீராவது குடிக்காமல் இந்தக் குடும்பத்தில் ஒருவரும் போனதில்லை. போனால் அது அடுத்த பத்துக் கல்யாணத்தில் பேச்சாக இருக்கும். பஸ் இவர்களை எப்போதோ முந்திவிட்டிருந்தது. வாசலில் வெள்ளத்தாய் நின்றாள். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். வண்டியைப் பார்த்தால்தானே கூப்பிட வேண்டும்? வெறும் சுவரில் எதையோ ரொம்ப நேரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மாரீஸ்வரனின் கால் தன்னாலே பிரேக்குக்குப் போனது. காளீஸ்வரி அவன் முழங்காலில் கையை வைத்தாள். அவன் காலை எடுத்தான். ஜீப் அந்த வாசலைத் தாண்டியது. பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தபோதும் வெள்ளத்தாய் திரும்பவில்லை. காளீஸ்வரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் மதினிமேல் இவ்வளவு பிரியம் அவளுக்கு வந்ததில்லை. அதற்காக வண்டியை நிறுத்தச் சொல்லுகிற அளவுக்கு அவள் பைத்தியமும் இல்லை.

கூமாப்பட்டித் தோப்பில் மைதீன் பிச்சை கேட்டைத் திறந்துவிட்டார். "மோட்டார் ரூம்ல கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு. இதுக்குள்ள எதுக்குங்க கஷ்டப்படுறீக?" என்றார். "இல்ல பாய், இதுலதான்," என்றான் மாரீஸ்வரன். அவர் பெட்டியைப் பார்த்தார், இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார், இரண்டு இளநீரை வெட்டி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்புறம் தோப்பில் யாருமில்லை. தென்னை ஓலைச் சத்தமும், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தமும்தான்.

பொழுது சாயும்போது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, மழைக்கு முன்னால் படுக்கையைப் பார்த்துவிடலாம் என்று இருவரும் உள்ளே போனார்கள். படுத்த பிறகுதான் மாரீஸ்வரனின் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. அக்காவுக்கு ஐந்தரை அடி போதாது, தனக்குப் போதும் என்றெல்லாம் சரியாகக் கணக்குப் போட்டவன், முன்பக்கத்து அடுப்புப் பலகை உள்ளே ஓரடி தின்றுவிடும் என்பதை மறந்துபோனான். மிச்சம் நாலரை அடி. நேராகப் படுத்தார்கள், கோணலாகப் படுத்தார்கள். அகலத்தில் நாலடிக்கு மேல் இல்லாதபடி காளீஸ்வரிதான் பார்த்துக்கொண்டாளே! கடைசியில் பின்கதவைத் திறந்து வைத்து நான்கு கால்களையும் வெளியே நீட்டினார்கள். அப்போதுதான் சரியாக இருந்தது.

தூறல் விழுந்தது. நான்கு பாதங்களும் நனைந்தன.

"மொதக் கோட்ட எப்ப அழிச்சீக?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"போட்டு அரை மணி நேரம் இருக்கும்."

அவள் மூன்றாம் நாள்தான் அழித்தாள். இவன் இரண்டு நாள் முந்திக்கொண்டிருக்கிறான். "அக்காகிட்ட வேணாம்னு சொல்ல முடியல, சரி. எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? ரெண்டு பேரு மட்டும் போவோம்னு ஒரு வார்த்தை?"

மாரீஸ்வரன் மினிபஸ் ஜன்னலைப் பார்த்தான். "கேட்டு, நீ எதுக்குன்னு கேட்டுட்டா?"

காளீஸ்வரி எழுந்து உட்காரப் போனாள். தலை கூரையில் இடித்தது. மறுபடி படுத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கும் சேர்த்து அவன் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அவன் கத்தியது மோட்டார் ரூம்வரைக்கும் கேட்டிருக்கும்.

போன் அடித்தது. வெள்ளத்தாய்.

"ஏட்டி காளி, போய்ச் சேந்தாச்சா? மழையா அங்க?"

"தூறுது மதினி."

"கால் எங்க இருக்கு?"

காளீஸ்வரி மறைக்கவில்லை. "வெளியதான் மதினி."

"நல்லா நனையட்டும்," என்றாள் வெள்ளத்தாய். அந்தப் பக்கம் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

மாரீஸ்வரன் கால் விரலை மழையில் ஆட்டிக்கொண்டிருந்தான். "ஊருக்குப் போனதும் வெட்டி ஒரு அடி ஒட்டு வச்சிருவோம்," என்றான்.

"நீளத்துல வைங்க," என்றாள் காளீஸ்வரி. "அகலத்துல ஒரு சாண் கூடக் கூடாது."